ஓடைப்பட்டியில் வாடகைக்கு இருந்த பூகம்பம்

எனக்குத் தெரிந்து கம்பம் பள்ளத்தாக்கில் பூகம்பத்தால் வீட்டை இழந்தவர் யாருமில்லை. ஆனால் பூகம்பம் வாடகைக்கு வீடு பிடித்து, வாசலில் வேட்டி காயப்போட்டு, ரேஷன் வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கிக் குடியிருந்த ஒரே ஊர் எங்கள் ஓடைப்பட்டிதான். ஜப்பான்காரன்கூட அந்தப் பெருமை பேச முடியாது.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். பெற்றவர்கள் வைக்காமலா விட்டிருப்பார்கள்? ஊருக்கு அது தேவைப்படவில்லை. வந்த வாரமே 'பூகம்ப சார்' ஆனார். மறு வாரம் சாரும் உதிர்ந்து வெறும் பூகம்பம் ஆனார். "பூகம்பம் வாராக, பெஞ்சத் தொடச்சு விடு" என்று டீக்கடைக்காரர் குரல் கொடுப்பார். பூகம்பத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஊரும் அநேகமாக எங்களுடையதுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இரும்புக்கடை. கடப்பாரை, மண்வெட்டி, சங்கிலி, வார்னிஷ் எல்லாம் கிடைக்கும். லைசென்ஸ் இருந்ததால் கிணறு வெட்டுகிறவர்களுக்கு வேண்டிய வெடியும் கிடைக்கும். திராட்சைப் பந்தல் போடாதவன் மனுஷனே இல்லை என்று ஊரே கிறுக்குப் பிடித்து அலைந்த காலம். பந்தலுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் கிணறு வேண்டும், கிணற்றில் இறங்கினால் பாறை, பாறைக்கு வெடி. சுற்றுவட்டாரத்துக் கவலையெல்லாம் கடைசியில் என் கடைப்படி ஏறித்தான் ஆக வேண்டும். பூகம்பமும் அப்படித்தான் ஏறியது.

கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். மூக்கு நுனியிலும் காது மடலிலும் கரி அப்பிய ஒல்லியான மனிதர் ஒருவர் வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "நேத்து சாயங்காலம் வடக்கே ஒரு வெடி. உங்க கடைச் சரக்கா?" என்றார். சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டேன்.

"லைசென்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு சார்."

"லைசென்ஸ் கிடக்கட்டுங்க. யாரு கிணறு? எத்தனை தோட்டா? எல்லாம் ஒண்ணா வெடிச்சாங்களா, ஒவ்வொண்ணாவா?"

"ஒவ்வொண்ணாத்தான் சார்."

"அடப்பாவமே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்தவன் கிணற்றில் வெடி ஒவ்வொன்றாக வெடித்ததற்குத் துக்கம் கொண்டாடிய ஆள் என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான்.

மனுஷன் மயங்கி விழுந்துவிடப் போகிறாரே என்று தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு அதையே உற்றுப் பார்த்தார். சின்னமனூர் பஸ் போனது. தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. அது அடங்கி, கண்ணாடி மாதிரி ஆனபிறகுதான் எடுத்துக் குடித்தார். அன்று என்றில்லை, இருந்த காலம் முழுக்க அப்படித்தான். கல்யாணப் பந்தியில் பாயசம் வைத்தாலும் அது அடங்குகிறவரை காத்திருப்பார். பக்கத்து இலைக்காரர் மோர் சாதம் முடித்திருப்பார்.

அவருடைய வேலையை அவரே எனக்கு விளக்கினார். எங்கோ வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையம். எங்கள் மலைகளுக்கு அடியில் பூமியின் ஓடு எவ்வளவு கனம், எங்கே என்ன பாறை, எங்கே உலோகம் என்று தெரிந்துகொள்ள இவரை அனுப்பியிருந்தார்கள். ஊர்க் கடைசியில் பாறைமேல் பருத்தி மூட்டை அடுக்கக் கட்டிய பழைய கிட்டங்கியில் ஒரு கருவி. அதில் சுழலும் உருளை. உருளைமேல் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கறுக்க வைத்த காகிதம். அதன்மேல் ஓர் ஊசி வெள்ளைக்கோடு கீறிக்கொண்டே போகும். பூமி நடுங்கினால் கோடும் நடுங்கும். கீறிய காகிதத்துக்கு வார்னிஷ் பூசிப் பத்திரப்படுத்துவார். தினம் காகிதத்தைப் புகைபிடிக்க வைப்பதால்தான் முகத்தில் கரி. ஊரில் நெடுநாள், "பாவம், மனுசனுக்குச் சோறாக்கத் தெரியல போல" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே தோண்டினால் மண், இன்னும் தோண்டினால் இன்னும் மண். பாறை என்ற ஒன்றை முதன்முதலில் காலேஜில்தான் பார்த்து, பார்த்ததுமே மயங்கிவிட்டாராம். நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம் என்பது டீக்கடைத் தீர்ப்பு.

பூமிக்குள் இருப்பதைச் சொல்கிற ஆள் வந்திருக்கிறார் என்றால் வெள்ளாமை பார்க்கிற எங்கள் சம்சாரிகள் சும்மா இருப்பார்களா? தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை விட்டுவிட்டு இவர் வாசலில் கூடினார்கள். "சார், எழுவது அடியில தண்ணி கெடைக்குமா?"

"எழுபது அடியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. முப்பது கிலோமீட்டருக்குக் கீழே கேளுங்க, சொல்றேன்."

"அதுக்குக் கயித்துக்கு எங்கிட்டுப் போறது?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். படித்த படிப்பு அத்தனையும் வீண் என்று அன்றே ஊர் முடிவு கட்டியது.

மாவு மில் மச்சக்காளை அண்ணனோடு வந்த வம்புதான் பெரிய வம்பு. ஊசிக்குப் பூகம்பம் சிக்கியதோ இல்லையோ, அண்ணனுடைய மில் தவறாமல் சிக்கும். ஒரு நாள் சார் மில்லுக்குப் போய், அண்ணன் மனைவி கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமல், "நேத்து மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து மில்லு ஓடலையே, பெல்ட் அறுந்துபோச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார். அண்ணன் முந்தின நாள் மத்தியானம் முழுக்க மில்லில் உட்கார்ந்து இடுப்பொடிந்துபோனதாக வீட்டில் சொல்லியிருந்தார். இடுப்பொடிந்தது சின்னமனூர் சினிமாக் கொட்டகை பெஞ்சில். அன்று அந்த வீட்டில் எழுந்த அதிர்வைப் பதிவு செய்ய எந்தக் கருவியாலும் ஆகாது.

"பூமி நடுங்குறதப் பாக்க வந்த ஆளு, எங்குடும்பத்த நடுங்க வச்சுட்டுப் போயிட்டாக!" என்று அண்ணன் கடைக்கடையாகப் புலம்பினார். சாருக்கு என்ன தப்பு செய்தோம் என்பதே புரியவில்லை. "ஊசி பொய் சொல்லாதுங்களே" என்றார். அதுதான் ஐயா தப்பு.

இந்த நிலையில் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து பெரிய அதிகாரி இறங்கினார். வார்னிஷ் டின்னை எடுத்துக்கொண்டு நான் கிட்டங்கிக்குப் போயிருந்த நேரம். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதிகாரி சொன்னார்: "இத்தனை மாசமா ஒரு மாவு மில்லைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க. மாசக் கடைசிக்குள்ள உருப்படியா ஒரு பதிவு வேணும். இல்லேன்னா மூட்டை கட்டுங்க."

ஜீப் போனபின் சார் அந்த உருளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஒரே ஒரு பெரிய வெடி போதுங்க" என்றார். "மலைக்கு அந்தப்பக்கம். எல்லாத் தோட்டாவும் ஒரே நொடியில வெடிக்கணும், அந்த நொடி எனக்குத் தெரியணும். அதிர்வு மலைக்கு அடியில புகுந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்தா, நடுவுல என்ன பாறைன்னு சொல்லிடலாம். ஒரு கோடு. ஒரே ஒரு நல்ல கோடு." கடன்காரன் வாசலில் நிற்கும்போதுகூட மனுஷர்கள் அவ்வளவு கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவர் கெஞ்சியது என்னிடமும் இல்லை, அந்த மலையிடம்.

தெய்வம்போல வந்து சேர்ந்தாள் பேச்சியம்மா அக்கா. மச்சக்காளை அண்ணனின் தங்கை. பிறந்தது ஓடைப்பட்டி, வாழ்க்கைப்பட்டது மலைக்கு அந்தப்பக்கம் வருசநாட்டில். கிணற்றில் பாறை குறுக்கே படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது, ஒட்டுமொத்தமாக வெடிவைத்துப் பார்ப்போம் என்று என் கடைக்கு வந்திருந்தாள். சாரைக் கூப்பிட்டுவிட்டேன். ஓடி வந்தார். ஆபீஸ் ஆள் ஒருவரை ரேடியோவோடு கிணற்றடிக்கு அனுப்புவதாகவும், நேரம் காட்ட ரேடியோவில் 'பீப்' அடிக்கிற நொடியில் அவர் பொத்தானை அமுக்கினால் எல்லாம் ஒன்றாக வெடிக்கும் என்றும் சொல்லி, "புதன்கிழமை நடுப்பகல் பன்னிரண்டு" என்று நாளும் குறித்துவிட்டார்.

அக்கா எழுந்துவிட்டாள். "புதங்கெழம பன்னெண்டுக்கு ராகு காலம்ல பெறக்குது! கெணத்துல தண்ணிக்குப் பதிலா பாம்பு வரவா?"

"அம்மா, பூமிக்கு ராகு காலம் கிடையாதும்மா."

"பூமிக்கு இல்ல சார். எனக்கு இருக்கு."

நான் காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கிச் சரியாகப் பன்னிரண்டுக்கு முடிகிறது. "வெள்ளிக்கிழமை பன்னெண்டு?" என்றேன். சாருக்கு அவருடைய பீப். அக்காவுக்கு ராகு கழிந்த முதல் நொடி. விஞ்ஞானமும் பஞ்சாங்கமும் என் கடைப் பெஞ்சில் சமாதானமாக உட்கார்ந்து கலர் குடித்தன.

அடுத்த சில நாட்கள் சார் வீடு வீடாக ஏறி இறங்கினார். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்கு உலக்கை போடாதீர்கள், அம்மி அரைக்காதீர்கள், பிள்ளைகளைக் குதிக்கவிடாதீர்கள். பஸ் டிரைவரிடம் இன்ஜினை அணைத்துவைக்கச் சொன்னார். தவில்காரரைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார். கடைசியாக மச்சக்காளை அண்ணனிடம் போனார். தங்கச்சி கிணற்றுக் காரியம் என்றதும் அண்ணன் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. "மில்ல நிறுத்துறேன் சார். நீங்க கவலப்படாதீக. இது எங்க வீட்டு விசேசம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. பத்தரை மணியிலிருந்து ஓடைப்பட்டியில் ஓர் இலைகூட அசையவில்லை. மில் ஓயவில்லையே என்று ஒரு காலத்தில் ஏங்கிய காதுக்கு அந்த அமைதியே பயமாக இருந்தது. கிட்டங்கிக்குள் சாரும் நானும் மட்டும். நான் மூச்சை அளந்து விட்டேன். உருளையில் ஊசி நூல் பிடித்தது போலக் கோடு போட்டது. "இப்படி ஒரு கோடு இந்த ஊர்ல இதுவரைக்கும் விழுந்ததில்லைங்க" என்று கிசுகிசுத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

ரேடியோவில் பீப் அடித்தது. வருசநாட்டில் வெடித்திருக்கும். மலைக்கு அடியில் அதிர்வு கிளம்பியிருக்கும். சார் ஊசியின்மேல் குனிந்தார்.

டமால்!

கிட்டங்கிக்கு நேர் பின்னால், அம்மன் கோயில் பொட்டலில். அடுத்தது, டமால்! தொடர்ந்து டமால், டமால், டமால்! ஊசி காகிதத்தில் பேயாட்டம் ஆடியது. கறுப்புக் காகிதம் வெளுத்துப் போனது. கடைசி வெடிக்கு ஊசி உருளையை விட்டே எகிறி வெளியே தொங்கியது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மச்சக்காளை அண்ணன் பட்டுக்கரை வேட்டியில், கையில் புகையும் கயிற்றோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். எதிரே வரிசையாக அதிர்வேட்டுக் குழாய்கள், புகைந்துகொண்டு.

"என்னண்ணே இது?"

"என்னடா தம்பி இப்பிடிக் கேக்குற? கூடப்பெறந்தவ கெணத்துல வெடி வெக்கிறா, பெறந்த வீட்டுல வேட்டுப் போடாம இருந்தா ஊரு சிரிக்காதா? சார் சொன்னாப்ல ராகு காலம் முடியிற வரைக்கும் ஒரு ஈ காக்காய அசைய விடல. பன்னெண்டு அடிச்ச பெறகுதான் திரியவே பத்த வச்சேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது விஞ்ஞானத்துக்காக இல்லை. இவ்வளவு படித்தவர் ராகு காலத்தை இவ்வளவு சுத்தமாக அனுசரிக்கிறாரே என்ற பக்தியில். உலக்கை, அம்மி, பஸ், தவில் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுத்த மனுஷன், அதிர்வேட்டை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். அவர் ஊர்ப்பக்கம் அந்த வழக்கம் எப்படியோ தெரியவில்லை.

பின்னாலேயே சார் வந்தார். இரண்டு மாதத்துச் சண்டையையும் சேர்த்து இப்போது வெடிக்கும் என்று நினைத்தேன். அண்ணன் முகமெல்லாம் பல்லாக, "சார், நம்ம வேட்டு உள்ள விழுந்துச்சா?" என்று கேட்டார்.

சார் அவரைப் பார்த்தார். வேட்டுக் குழாய்களைப் பார்த்தார். "விழுந்துச்சுங்க" என்றார். "ரொம்ப நல்லா விழுந்துச்சு."

அண்ணன் தயாராக வாங்கி வைத்திருந்த மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார். சார் அந்த மாலையோடு உள்ளே வந்து, அந்த வெளுத்த காகிதத்தை உருளையிலிருந்து கழற்றிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. தங்கச்சிக்காகப் போட்டது." ஊசி பொய் சொல்லாது என்று சாதித்த மனுஷன் எனக்குத் தெரிந்து சொன்ன ஒரே பொய் அந்த 'ரொம்ப நல்லா விழுந்துச்சு'தான். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை இன்றுவரை எந்தக் கணக்கிலும் எழுத முடியவில்லை.

மறுநாள் பேச்சியம்மா அக்கா பஸ் பிடித்து வந்தாள். கையில் மூடிபோட்ட தூக்குவாளி. "பாறை பொளந்து ஊத்து பிச்சுக்கிருச்சு சார்! அந்த நொடியப் பாத்துச் சொன்னீகளே, எந்தச் சோசியரு சொல்லுவாக இப்பிடி! மொதத் தண்ணி ஒங்களுக்குத்தான். குடிங்க." என் கடை டம்ளரில் ததும்பத் ததும்ப ஊற்றி நீட்டினாள்.

அவர் பெஞ்சில் வைப்பார், அடங்கட்டும் என்று பார்ப்பார் என்று நான் இடம் ஒதுக்கினேன். வாங்கினார். ஆடி வழிந்துகொண்டிருந்த தண்ணீரை அப்படியே அண்ணாந்து குடித்தார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. "இனிக்குதும்மா" என்றார்.

மாசக் கடைசியில் லாரி வந்து கருவியை ஏற்றிக்கொண்டு போனது. அவரும் போனார். மலைக்கு அடியில் என்ன பாறை என்று ஓடைப்பட்டிக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலே திராட்சை நன்றாகத்தான் காய்க்கிறது. தன் வேட்டு அவ்வளவு நன்றாக விழுந்ததால்தான் சார் பிரமோஷன் கிடைத்து மாற்றலாகிப் போனார் என்று மச்சக்காளை அண்ணன் இன்றும் பேசித் திரிகிறார். பேசட்டும். அவர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை. நீங்களும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு மட்டும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அது சிலிர்த்தால் கண் தானாகக் கடைப்படிக்குப் போகும். சின்னமனூர் பஸ்தான் போயிருக்கும். தெரிந்தும், எதற்கும் இருக்கட்டும் என்று பெஞ்சை ஒருமுறை துடைத்து வைப்பேன்.