‘நாம்’ என்பவரைத் தேடிய அலுவலகம்

எங்கள் தெருத் தையற்கடை வாசலில் சாக்கடை மூடி உடைந்த மறுவாரமே, தையல்காரம்மாவின் கணவர் அதில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். தையல்காரம்மா அன்றைக்கே மனு எழுதி எடுத்துக்கொண்டு நகராட்சி சுகாதாரப் பிரிவுக்குப் போனார்.

அங்கே இலக்கு வாரம் நடந்துகொண்டிருந்தது. மேஜைக்கு மேஜை ஓர் அட்டை. கண்காணிப்பாளரின் அட்டையில் முத்து முத்தாக எழுதியிருந்தது: ‘இலக்கு: திறந்த சாக்கடை இல்லாத ஊர். பொறுப்பு: நாம்.’

“இந்த ‘நாம்’ யாருங்க? அவர் கையிலயே மனுவைக் கொடுத்துடறேன்.”

“நாம்னா நாம எல்லாரும்தாம்மா.”

“சரி, அதுல ஒருத்தரைக் கூப்பிடுங்க.”

கண்காணிப்பாளர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் கோப்புக்குள் தலையை விட்டிருந்தார்கள். எனவே ‘நாம்’ யார் என்று கண்டறிய மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு இரண்டு மாதத்தில் ஆறு முறை கூடி, ஏகமனதாக முடிவுக்கு வந்தது. அலுவலகம் மட்டும்தான் பொறுப்பு என்றால் இலக்கணப்படி ‘நாங்கள்’ என்று இருந்திருக்க வேண்டும். ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. வந்து கேட்டவர் ஒருவர்தான்.

தையல்காரம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது: ‘மேற்படி இலக்கின் பொறுப்பாளராகிய தாங்கள், மேற்படி மூடியை இதுநாள்வரை அமைக்கத் தவறியது ஏன் என்பதற்கு ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.’

காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்த கணவர் அதை இரண்டு தரம் படித்தார். “என்ன எழுதப்போறே?”

“எழுதற நேரத்துல மூடியையே போட்டுடலாம்” என்றார் தையல்காரம்மா.

கொத்தனாரைக் கூட்டிவந்து, கம்பி கட்டி, சிமெண்டைத் தானே குழைத்துக் கொடுத்தார். அரை நாள் வேலை. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. இடது பக்கம் கொஞ்சம் சாய்வாக இருக்கிறது என்று சொல்லி நாங்களும் உதவினோம்.

இலக்கு எட்டப்பட்டதை அறிந்த அலுவலகம் விழா எடுத்தது. கண்காணிப்பாளர் புது மூடிமேல் ஏறி நின்று, “நாம் சாதித்துவிட்டோம்” என்றார். கைதட்டினோம். அவருக்குப் பதக்கம், குழுவுக்குச் சான்றிதழ். தையல்காரம்மாவின் பெயர் பட்டியலில் ‘மற்றும் பலர்’ என்று இருந்தது.

அடுத்த மாதம் தெருவின் மறுகோடியில் இன்னொரு மூடி உடைந்தது. இந்தத் தடவை யாரும் மனு எழுதவில்லை. நேரே தையற்கடைக்குப் போய், “என்னக்கா, பத்து நாளாச்சு, இன்னும் மூடி போடாம இருக்கீங்களே” என்று கண்டிப்பாகக் கேட்டோம்.

முதலில் கேட்டவன் நான். உடைந்திருந்தது என் வீட்டு வாசலில்.