தொட்டி மோட்டாருக்கு வாய்ப்பூட்டு

கழுத்துவரை தண்ணீரில் கிடந்த வெள்ளியங்கிரி பாட்டின் சரணத்துக்குள் நுழையும்போது, வாசல் கேட்டில் குடங்கள் இடிபட்டன.

"ஏனுங்க, மறுபடியும் வந்துட்டாங்க!" மனைவி சௌந்திரம் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"தண்ணி இல்லைன்னு சொல்லு."

"இந்தக் கோடையில அதை எந்த வாயால சொல்றது? வேணும்னா நீங்களே வந்து சொல்லுங்க."

காலமெல்லாம் லாரி ஓட்டி முதுகு போன மனுஷன். இப்போது சங்ககிரியில் சொந்த லாரி ஓடுகிறது. முதுகில் தண்ணீரைப் பீய்ச்சிப் பிடித்துவிடும் தொட்டியொன்றைப் பம்பாயிலிருந்து ஏற்றி வந்து வீட்டில் பதித்திருந்தார். அதன் மோட்டார்தான் வில்லங்கம். தொட்டித் தண்ணீரையே சுற்றி விடுகிற மோட்டார் அது. ஆனால் அது உறுமினால் கிணற்றுத் தண்ணீர் ஏறுகிறது என்று நினைத்துத் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. அவர்கள் பிடித்துப் போனதில் மாடித் தொட்டி காலியாகி, அவர் தலையில் சோப்பு நுரையோடு வெளியே வருவார்.

"பேசாம இந்தத் தொட்டியைத் தோட்டத்துல போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டலாமுங்க."

"எம்பட முதுகு, எம்பட தொட்டி! அந்த மோட்டாரு வாயை அடைக்கறனா இல்லையா பாரு!"

லாரி மெக்கானிக் சென்றாயன் வந்தான். பழைய டயரை வெட்டி மோட்டாருக்கு அடியில் வைத்தான். மோட்டார் அதன்மேல் குதித்து, இரும்புக் குழாயைச் சுவரில் இடித்தது. அந்த இரைச்சலுக்கு மேலே வெள்ளியங்கிரி தொண்டையை உயர்த்திப் பாட வேண்டியதாயிற்று. அன்றைக்கு அடுத்த தெருவிலிருந்தும் குடம் வந்தது.

"சைலன்சர் மாட்டிரலாமுங்களா மொதலாளி?"

"ஏன்டா, இது என்ன புகையா உடுது?"

மறுநாள் அது புகையும் விட்டது. இலவம்பஞ்சு மெத்தையைச் சுற்றிக் கட்டியதும் மோட்டார் அடங்க, அந்தக் குஷியில் அவர் ஒரு பாட்டை எடுத்தார். குடம் வந்தது, கூடவே புகையும் வந்தது. வந்த பெண்களே தீயை அணைத்துவிட்டு, குடத்தையும் நிறைத்துக்கொண்டு போனார்கள்.

"மெத்தையும் போச்சு. இன்னும் உடமாட்டீங்களா?"

"உடமாட்டேன்! ஊரே வந்தாலும் உடமாட்டேன்!"

மோட்டாரை வெளிச்சுவருக்கு அப்பால் கொண்டுபோனார்கள். கீழே மணல், மேலே கனத்த சிமென்ட் பலகை. இரும்புக் குழாய் போய் லாரி ரேடியேட்டரின் ரப்பர் குழாய் வந்தது. சுற்றிலும் காற்றுக்கு வழி விட்டுச் செங்கல் கட்டினார்கள். சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல்கூட இல்லை.

"ஓடுதுங்களா மொதலாளி?"

"எம்பட முதுகைக் கேளுடா!"

ஜெயித்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து பாட்டை எடுத்துவிட்டார்.

கேட்டில் டங், டங்.

ஈரத்துண்டோடு ஓடினார். முதல் ஆளாகப் பெருமாயி நின்றிருந்தாள்.

"ஏம்மா, மோட்டாரே போடலையே! சத்தம் கேட்டுச்சா? சாமி மேல ஆணையாச் சொல்லு!"

பெருமாயி குடத்தை இடுப்பு மாற்றினாள்.

"மோட்டாருங்களா? நீங்க பாடற பாட்டுல அது என்னைக்குங்கண்ணா எங்களுக்குக் கேட்டுச்சு?"