சாளை டின்னுக்குத் தடையுத்தரவு

ஜும்ஆ முடிந்து வந்த கையோடு காலிதீன் சட்டம் போட்டார்.

"இஞ்ச பாரு கமீலா. இண்டையிலிருந்து இந்த ஊட்டுக்க சாளை டின் வரப்படாது. சாய்ந்தமருதுல பொறந்தவன் டின்னத் திறந்து மீன் திண்டா கடலுக்கே வெக்கம்!"

வீடு கமீலாவின் சீதன வீடு. சட்டம் மட்டும் காலிதீனுடையது.

கமீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுசன் விடியக் கடற்கரைக்குப் போய், பை நிறையச் சாளை வாங்கிவந்து, குசினியில் தொப்பென்று போட்டுவிட்டுத் தன்னுடைய புடவைக் கடைக்குப் போய்விடுவார். குந்தியிருந்து செதிள் சுரண்டி, குடல் எடுத்து, இடுப்பு முறிவது அவளுக்குத்தானே!

"தலையும் குடலும் கழிச்சா உங்கட சாளையில பாதி பூனைக்கு. டின்னெண்டா அவ்வளவும் சட்டிக்கு."

"ருசி? ருசிக்கு எங்க போற?"

"ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுவீங்களா?"

"கண்ணக் கட்டிப்போட்டுத் தாவன்கா, சொல்லுறன்! பந்தயமா?"

"பந்தயம் ஹறாம். பரீட்சை எண்டு வெப்பம். பிழைச்சா?"

"பிழைச்சா நீ எத்தின டின்னும் வாங்கு. வாய் திறக்க மாட்டன்."

பின்னேரம் காலிதீன் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சீனிமுகம்மதிடம் ரகசியம் சொன்னார். "காக்கா, டின் மீன்ட முள்ளு வாயில கரையும். பச்சமீன்ட முள்ளு குத்தும். ருசி ஆருக்கு வேணும்?" மதிலுக்கு அங்கால் சீனிமுகம்மதின் மனைவி றாஹிலா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றது இவருக்குத் தெரியாது.

மறுநாள் பகல். கண்ணில் துவாய். பிஸ்மி சொல்லி முதல் பீங்கானில் கை வைத்தார். முள் கரைந்தது.

"தூ! இது டின். சப்பெண்டு கிடக்கு."

இரண்டாவது பீங்கான். முள் சுருக்கென்று குத்தியது. ஆளுக்கு வந்த சந்தோசம்!

"அல்ஹம்துலில்லாஹ்! இதுதான் பச்சமீன்! விடியக் கரைவலையில பட்டது. என்ன இனிப்பு, என்ன கடல் மணம்!" பீங்கானை வழித்து நக்கினார்.

கமீலா துவாயை அவிழ்த்தாள். "முதல் திண்டது நீங்க கொண்டுவந்த சாளை. கொறுக்காப்புளி போட்டுக் குக்கர்ல முள்ளுக் கரையும்வரை அவியவிட்டன்."

"மறுகா இது?"

"டின். ரெண்டு சாளைய அவிச்சு, முள்ளக் கழட்டி அதுக்க சொருகினன்."

"கள்ளம்! செல்லாது!" காலிதீன் துள்ளினார். "முள்ள மாத்தினா எந்த மனுசன் கண்டுபிடிப்பான்?"

"நாக்கால பார்க்கலியா நீங்க?"

மதிலுக்கு அங்கால் றாஹிலா சிரிப்பது கேட்டது. காலிதீனுக்கு முகம் தொங்கிப்போனது. கமீலா பாவம் பார்த்தாள்.

"சரி, செல்லாதெண்டே வெப்பம். டின் வேணாம். இனிப் பச்சமீன்தான்."

"அப்பிடிச் சொல்லு புள்ள!"

"ஆனா முள்ளுப் பிழைச்சா உங்களுக்கு ருசியும் பிழைக்குது. எனக்குப் பயமாக் கிடக்கு. இனி மீன் ஆயுறது நீங்கதான்."

இரண்டு விடியல் காலிதீன் கிணற்றடியில் குந்தியிருந்தார். மீசையெல்லாம் செதிள். கடைக்கு வந்த சனம் புடவையை விட்டு அவர் கையை மோந்து பார்த்தது. மூன்றாம் நாள் கடற்கரைப் பக்கமே போகவில்லை. பையை மறைத்துக்கொண்டு குசினிக்குள் வந்து, பெரிய சாளை டின் ஒன்றைக் கமீலாவின் கையில் வைத்தார்.

கமீலா அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"திறந்து தாங்க."