மெரினா மிஸ்ஸின் ஓஹா

"ஓஹா" என்று கேட்டாள் அந்த ஸ்பெயின்காரி. சசி பின்பக்கம் ஓடி, நல்ல வாழையிலையாக ஒன்றை வெட்டி, கழுவித் துடைத்து, அவள் முன்னால் விரித்தான்.

அவள் இலையைப் பார்த்தாள். சசியைப் பார்த்தாள். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் ஆட்டிக் காட்டினாள்.

"கொழுந்து கிள்ளிக் காட்டுறாங்கப்பா. அவங்க கேக்குறது தேயிலை," என்றார் சமையற்காரர் கந்தையா.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டு விரல் சேர்ந்தால் கொழுந்துதான். சசி மலையேறி, கையில் கொழுந்தும் காலில் அட்டையுமாகத் திரும்பி வந்தபோது, அவள் கை துடைக்கும் டிஷ்யூவில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

எஹலியகொடைக்கு மேலே இருக்கும் அந்தப் பழைய தொரை பங்களா இப்போது ஹோட்டல். ஸ்பெயின் ஆட்கள் அதிகம் வருவதால், அவர்கள் பாஷை தெரிந்தவனுக்குத்தான் கைட் வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மேசை துடைக்கும் சசிக்கு அது கிடைத்தால், வீங்கிய முழங்காலோடு கொழுந்துக்குப் போகும் மனைவி விஜயகலாவை மலையிலிருந்து இறக்கிவிடலாம். அதற்காகவே டவுனில் மெரினா மிஸ்ஸிடம் படித்துக்கொண்டிருந்தான்.

மிஸ் ஸ்பெயினில் வருஷக்கணக்காக வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர். வாசலில் சிங்களத்தில் போர்டு. சசியும் சிங்களத்தில்தான் கதவைத் தட்டினான். பாடமும் சிங்களத்திலேயே நடந்தது; தம்பி என்பதற்கு மிஸ் 'மல்லி' என்பார்.

அன்று மாலை மிஸ் முன்னால் போய் நின்றான்.

"ஓஹா என்றால் கொளய என்று நீங்கள்தானே மிஸ் சொன்னீர்கள்?"

"ஆமாம் மல்லி. நீ எந்தக் கொளய கொடுத்தாய்?"

"மரத்துக் கொளய."

மிஸ் தலையில் கை வைத்தார். சிங்களத்தில் மரத்து இலையும் கொளய, எழுதுகிற தாளும் கொளய. ஓஹாவும் அப்படித்தான். அந்த அம்மாள் கேட்டது எழுதுகிற கொளய. அதை விளக்குவதற்குள் மிஸ்ஸுக்கே இரண்டு இடத்தில் சிங்களம் தடுமாறியது. இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தால் சொந்தப் பாஷைகூட மறந்துதான் போகும் என்று சசி இரக்கப்பட்டான்.

அதைவிட இரக்கம் மிஸ்ஸின் அப்பா மேல். மனுஷர் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "கொஹொமத சீயா?" என்று சிங்களத்தில் தாத்தாவை நலம் விசாரித்தால் நெஞ்சில் கை வைத்துச் சிரிப்பார், அவ்வளவுதான். பாவம், வாய் பேச வராது போலும். சசி வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, சாப்பிடச் சொல்லிக் கையால் ஜாடை காட்டுவான்.

சனிக்கிழமை ஒரு கூட்டமே வந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கிழவர் குனிந்து, "ஓஹா?" என்றார். சசி தயாராக இருந்தான். பையிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினான்.

கிழவர் செடியைத் தொட்டுக் காட்டி, "ஓஹா, ஓஹா," என்றார்.

இன்னொரு தாள் கேட்கிறார். கொடுத்தான். மற்றவர்களும் சேர்ந்து ஓஹா என்றதும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, கந்தையாவை அனுப்பி பேனாவும் வரவழைத்தான். கூட்டம் வெள்ளைத் தாளோடு பரீட்சைக்கு வந்தவர்கள் போல மலையில் நின்றது.

"நாளைக்கு ஒரு நாள் தாறேன் சசி," என்றார் மேனேஜர். "அதுக்குள்ள சரியா வரல்லன்னா கொழும்பு ஆளுதான்."

சசி நேரே மிஸ் வீட்டுக்கு ஓடினான். விஜயகலாவின் முழங்கால்தான் கண்ணுக்குள் நின்றது.

"எப்போது இலை, எப்போது தாள் என்று ஒழுங்காகச் சொல்லுங்கள் மிஸ்."

மிஸ் பாடுபட்டார். மரத்துக் கொளய, எழுதுகிற கொளய, மறுபடி மரத்துக் கொளய. போதாதற்குக் கத்தியின் அலகுக்கும் ஓஹாதான் என்றார். கத்தியில் எங்கே கொளய வந்தது என்று சசி கேட்டான். அலகுக்குச் சிங்களத்தில் என்ன வார்த்தை என்று மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. சசிக்கும் தெரியவில்லை.

"ஹரித மல்லி?"

"ஹரி மிஸ்," என்று, புரிந்ததாகப் பொய் சொல்லிவிட்டுச் சசி எழுந்தான். எதுவும் புரியவில்லை. வேலை போனது போனதுதான்.

கேட்டைத் தாண்டியதும் மழை பிடித்தது. குடையை மறந்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து, திரும்பி வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினான்.

உள்ளேயிருந்து, வாய் பேச வராத அந்தப் பெரியவரின் குரல் கணீரென்று கேட்டது:

"மெரினா, அந்தச் சிங்களப் பையன் போயிட்டானா? இனிமே நான் தமிழ்ல வாயத் தொறக்கலாமில்ல?"