வாயைத் திறந்த ஆமை

குச்சியைக் கவ்விக்கொண்டு பறக்கும் ஆமையால் பாட முடியாது என்பது, பாட்டெல்லாம் எழுதி மெட்டுப் போட்ட பிறகுதான் சீதாலக்ஷ்மிக்கு உறைத்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. குளம் வற்றிப்போகிறது. இரண்டு கொக்குகள் ஒரு குச்சியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்ள, ஆமை நடுவில் கவ்விக்கொண்டு வானத்தில் போகிறது. கீழே ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். பதில் சொல்ல வாயைத் திறக்கிறது, விழுகிறது. மட்டாஞ்சேரியில் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து நடத்திய மாதர் மன்றத்துக்குச் செயலாளர் சீதாலக்ஷ்மி. அந்த எண்பத்தொன்றாம் வருஷ ஓண விடுமுறைக்கு இதைப் பாட்டு நாடகமாக்கியிருந்தாள். மேகம் வரும். மின்னல் வரும். ஆமை நிஜமாகவே பறக்கும். எறணாகுளத்துக்காரர்களே படகேறி வந்து வாயைப் பிளந்து பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. எழுதியதிலேயே நல்ல பாட்டு ஆமை பறக்கும்போது பாடுவது.

"வாயிலே குச்சி இருக்கறச்சே எப்படிப் பாடும்?" என்று கேட்டார் அவள் கணவர் வாஞ்சிநாதன்.

"நம்ம மன்றத்துலே பாடற அம்மிணி திரைக்குப் பின்னாலே நின்னு பாடட்டும். ஆமை சும்மாத் தொங்கினாப் போறும்."

"சும்மாத் தொங்கறதுக்கு யார் வருவா?"

சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

துருவிக்கொண்டிருந்தவள் வாஞ்சிநாதனின் தங்கை விசாலாக்ஷி. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அவள் வாயிலிருந்து வரும் முழு வாக்கியம் "ம்" தான். அதனால் அவளுக்காகவும் சீதாலக்ஷ்மியே பேசிப் பழகியிருந்தாள். டாக்டரிடம் விசாலத்துக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வாள். பக்கத்து வீட்டில், "விசாலத்துக்குப் பாவக்காய்னா உயிர்" என்பாள். இதை நமக்கு யார் சொன்னார்கள் என்று சில மத்தியானங்களில் அவளுக்கே சந்தேகம் வரும். அதற்குள் பால் பொங்கிவிடும்.

"விசாலம், நீ ஆமையா வரியா? ஒண்ணும் பேச வேண்டாம் கேட்டியா. வாயை மூடிண்டு இருந்தாப் போறும். உனக்குப் பழக்கம்தானே."

விசாலம் கையிலிருந்த தேங்காய்ப்பூவை உதறினாள்.

"ம்."

நாடகத்துக்குக் கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கு கிடைத்தது. சரக்கு போய் காலியாக இருந்தது. மேலே மச்சு, உத்தரத்தில் மூட்டை தூக்கும் கப்பி. கயிறு கப்பியில் ஏறி, பின்சுவர் ஓட்டை வழியாகக் கொல்லைப்புறம் போய்விடும். அங்கே முத்துராமலிங்கமும் அவன் ஆட்களும் இழுப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சுமைக்காரர்கள். மச்சில் அவன் மனைவி பேச்சி நின்று ராகமாக ஏதோ பாடுவாள். மூட்டை ஏறும், நிற்கும், இறங்கும். சீதாலக்ஷ்மிக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. பொழுது போகாமல் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"கொல்லையிலேருந்து மேடை தெரியாதே. எப்போ இறக்கணும்னு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"அத நாங்க பாத்துக்கிடுதோம் தாயி. தெனம் செய்ற வேலதான" என்றான் முத்துராமலிங்கம்.

முதலில் ஒரு இஞ்சி மூட்டையைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு விசாலத்தை. பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்துச் சாக்குத் துணி ஒட்டிப் பச்சை பூசிய ஓடு. அதற்கடியில் இடுப்பைச் சுற்றிக் கெட்டியான வார். குச்சியைக் கவ்வுவது பார்வைக்குத்தான். ஒத்திகையில் எல்லாம் அச்சாக நடந்தது. அம்மிணி பாடி முடித்தாள், ஊர்க்காரர்கள் சிரித்தார்கள், ஆமை வாயைத் திறந்தது, சரசரவென்று கீழே வந்தது.

"பேடி ஒண்ணும் இல்லையே விசாலம்?"

"ம்."

பயம் இருக்கிறது என்கிறாளா, இல்லை என்கிறாளா என்று சீதாலக்ஷ்மி கேட்டுக்கொள்ளவில்லை.

நாடகத்தன்று சாயங்காலம் கிடங்கு நிறைந்துவிட்டது. தமிழர்களோடு கொங்கணிக்காரர்கள், குஜராத்திக் கடைக்காரர்கள், சுள்ளிக்கல்லிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்த மலையாளிகள். தமிழ் தெரியாவிட்டால் என்ன, ஆமைக் கதைக்கு எந்த பாஷை வேண்டும்?

முதல் கஷ்டம் மேகத்தில் வந்தது. சாம்பிராணிப் புகையை மேடைக்குத் தள்ளுவதற்குக் கல்யாண மண்டபத்திலிருந்து இரண்டு பெரிய மின்விசிறிகள் அன்றைக்குத்தான் வந்திருந்தன. வாஞ்சிநாதன் சுவிட்சைப் போட்டார். புகை நகர்ந்தது. கூடவே தரையிடுக்கிலும் உத்தரத்திலும் வருஷக்கணக்காகக் குடியிருந்த மிளகுத் தூளும் எழுந்து வந்தது.

ஒரு கொக்கு தும்மியது. மற்றொரு கொக்கும் தும்மியது. ஆர்மோனியம் தும்மியது.

"விசிறியை அந்தப் பக்கம் திருப்புங்கோ" என்றாள் சீதாலக்ஷ்மி.

அவர் திருப்பினார். இப்போது சபை முழுக்கத் தும்மியது. குழந்தைகள் இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டின.

அதற்குள் ஆமை ஏறத் தொடங்கிவிட்டது. மச்சிலிருந்து பேச்சியின் குரல் கேட்டது, கயிறு இழுபட்டது. பச்சைக் கூடை தரையை விட்டுக் கிளம்பி, கொக்குகளின் துணி இறக்கைகளுக்கு நடுவே மெல்ல மேலே போனது. தும்மிக்கொண்டிருந்தவர்கள்கூட அண்ணாந்தார்கள். பேச்சி நிறுத்தினாள். அம்மிணி தொடங்க வேண்டிய இடம்.

"பாடு அம்மிணி."

"மாமி, என்னாலே" என்று ஆரம்பித்த அம்மிணி முந்தானைக்குள் தும்மினாள். நிமிர்ந்தாள். மறுபடியும் தும்மினாள். மூக்கும் கண்ணும் சிவந்து, தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

பாட்டு இல்லை. ஆமை லேசாகக் குலுங்கி ஒரு சாண் இறங்கியது.

அப்போது விசாலம் குச்சியை விட்டுவிட்டு வாயைத் திறந்தாள்.

"குளமே நீ இத்தனை சின்னதா? குனிந்து பார்க்கத் தெரிகிறதே…"

குலுக்கல் நின்றது. ஆமை அந்தரத்தில் அசையாமல் நின்றது.

அம்மிணிதான் தேறிவிட்டாள் என்று சீதாலக்ஷ்மி திரும்பினாள். அம்மிணி மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சீதாலக்ஷ்மியும் பார்த்தாள். கூடைக்கு வெளியே நீண்டிருந்த அந்தக் கழுத்து அவள் தினமும் பார்க்கும் கழுத்துதான். குரல்தான் யாருடையது என்று தெரியவில்லை. இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. கீழ் ஸ்தாயியில் கொஞ்சம் கரகரத்தது. ரொம்ப நாள் பூட்டியிருந்த கதவு போல முதலில் முரண்டியது. பிறகு அகலமாகத் திறந்துகொண்டது.

ஊர்க்காரர்களாக நடித்தவர்கள் பாட்டின் நடுவிலேயே அவசரமாகச் சிரித்தார்கள். ஆமை விழவில்லை. இன்னொரு தரம் சிரித்தார்கள்.

"வாய் திறந்நல்லோ, பின்னே எந்தா வீழாத்தே?" என்று முன்வரிசையில் ஒரு குழந்தை கேட்டது. வாயைத் திறந்தும் ஏன் விழவில்லை? சபை முழுவதற்கும் அதே கேள்விதான்.

சீதாலக்ஷ்மி மேலே கப்பியைப் பார்த்தாள். கயிறு சிக்கிக்கொண்டுவிட்டது. கீழே கருங்கல் தரை. அந்த வாரை இறுக்கிக் கட்டினோமா? தொங்குவதற்கு அவள் சரி என்று நினைத்தோமே, இஞ்சி மூட்டைக்கும் அவளுக்கும் நம் மனசில் என்ன வித்தியாசம் இருந்தது? யோசிக்க நேரமில்லை. சபைக்குச் சந்தேகம் வரக்கூடாது. ஓரத்திலிருந்து கையைச் சுழற்றி, "பாடு, பாடிண்டே இரு" என்று ஜாடை காட்டினாள். கணவரிடம், "கயிறு மாட்டிண்டுடுத்து, கொல்லையிலே போய்ப் பாருங்கோ" என்றாள்.

வாஞ்சிநாதன் ஓடினார். கிணற்றுக் கயிறு சிக்கினால் முதலில் ஒரு இழுப்பு இழுத்துத்தான் விட வேண்டும் என்பது அவர் அனுபவம். "இழுங்கோ, நன்னா இழுங்கோ" என்று கொல்லையில் அவர் சொல்வது உள்ளே கேட்டது. அவர்களும் இழுத்தார்கள். ஆமை விர்ரென்று மச்சு வரைக்கும் ஏறிவிட்டது.

அங்கிருந்து விசாலம் தலையைத் திருப்பி மச்சுப் பக்கம் பார்ப்பது தெரிந்தது. பாவம், யாராவது பிடித்து இழுத்துக்கொள்ள மாட்டார்களா என்று பார்க்கிறாள். சீதாலக்ஷ்மிக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடி பாட்டு முன்பைவிட உரக்க எழுந்தது. எழுதின சரணங்கள் முடிந்துவிட்டிருந்தன. இது எழுதாத வரி.

வாஞ்சிநாதன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் புரியலை. அவாள்லாம் கயித்தைப் பிடிச்சுண்டு சிலையாட்டம் நிக்கறா. எறக்குன்னா உதட்டிலே விரலை வெச்சுக் காட்டறா."

"மின்னலைப் போடுங்கோ. ஜனங்க அந்தப் பக்கம் பாக்கட்டும். நான் மச்சுக்குப் போறேன்."

அவர் மின்னலைப் போட்டார். பளீரென்று ஒரே ஒரு மின்னல். அதோடு ப்யூஸ் போயிற்று. விளக்குகள் அணைந்தன. விசிறிகள் முனகிக்கொண்டே நின்றன.

ஏணியில் கால் வைத்த சீதாலக்ஷ்மி அப்படியே நின்றுவிட்டாள்.

மிளகுத் தூள் தானாக அடங்கியது. தும்மல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கூரையோரத்து ஜன்னல் வழியாக அந்தி வெளிச்சம் சரிந்து வந்து புகையில் விழுந்தது. விசிறி வைத்துத் தள்ளியபோது வராத மேகம் இப்போது வந்திருந்தது. அதன் நடுவே ஓர் ஆமை எதிலும் தொங்காமல் இருந்தது. கயிறு இருட்டில் தெரியவில்லை. குரல் மட்டும் உத்தரத்தில் பட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் இறங்கியது. குளத்தைப் பற்றிப் பாடியது. குளத்துக்கு அப்பால் காயலும், காயலுக்கு அப்பால் கடலும் இருப்பதைப் பாடியது. பாவக்காய் பிடிக்காது என்றுகூட ஒரு வரி வந்தது போலிருந்தது. சீதாலக்ஷ்மிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது, அம்மியில் அரைத்தபோதா, துணி மடித்தபோதா என்று தேடித் தேடிப் பார்த்தாள். கை ஏணியைப் பிடித்திருப்பதே அவளுக்கு மறந்துபோனது. குழந்தைகள் ஒன்றுகூட அசையவில்லை.

பாட்டு முடிந்தது. முடிந்ததும் ஆமை இறங்கத் தொடங்கியது. விழவில்லை. புகையை விலக்கிக்கொண்டு பதறாமல் வந்து, தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றது.

சபை எழுந்து நின்று கைதட்டியது. கிடங்கு முதலாளி சீதாலக்ஷ்மியைத் தேடி வந்து, "கதையை மாற்றியது மிகவும் நன்று" என்று தனக்குத் தெரிந்த மேடைத் தமிழில் சொன்னார்.

"யோசிச்சுத்தான் மாத்தினேன்" என்றாள் சீதாலக்ஷ்மி.

ஜனங்கள் கலைந்ததும் திரைக்குப் பின்னால் விசாலத்தின் வாரை அவிழ்த்தாள்.

"பயந்து போயிட்டியா? கயிறு மாட்டிண்டுடுத்துடீ."

"ம்."

முத்துராமலிங்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தான். சீதாலக்ஷ்மி அவன்மேல் பாய்ந்தாள்.

"பொம்மனாட்டியை அந்தரத்திலே தொங்கவிட்டுட்டு நிக்கறேளே. கயித்தைச் சரியாப் பாத்து வெச்சுக்க வேண்டாமா?"

"கயித்துக்கு என்ன தாயி? அது நல்லாத்தான இருக்கு. பாட்டு ஓடிக்கிட்டுல்லா இருந்துச்சு."

"பாட்டு ஓடினா?"

"மச்சுல பாட்டுக் கேக்குதுன்னா மூட்டைல இன்னும் ஆள் கை இருக்குன்னு அர்த்தம். பாட்டு நிக்காம எவனும் கயித்த விட மாட்டான். அந்தய்யா வந்து இறக்குங்காக. பாட்டு பாட்டுக்குப் போவுது. எப்படி இறக்க?"

சீதாலக்ஷ்மி அங்கிருந்த காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பாட்டை நிறுத்தியிருந்தால் இறங்கியிருப்பாள். நான்தான் கையைச் சுழற்றிச் சுழற்றி அவளை மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

"ஐயோ, அவளுக்கு எப்படித் தெரியும்? நான் பாடு பாடுன்னேன், பாவம், என் பேச்சைத் தட்டாமப் பாடிண்டே இருந்திருக்கா."

விசாலம் ஆமை ஓட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மச்சிலிருந்து ஏணி வழியாக இறங்கி வந்த பேச்சி, கடைசிப் படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாம என்னம்மா? எம் பக்கத்துல வந்து நின்னப்பவே, 'வாய மூடு யக்கா, இறக்கிருவாக'ன்னு சொன்னேன். 'ம்'னு சொல்லிட்டுல்லா இன்னும் சத்தமா எடுத்தாக."