துடியலூர்ல தொலைஞ்ச இடது கை

ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதானுங்க. பெரியநாயக்கன்பாளையத்துல பஸ் ஏறி, ஒரு அட்டைப்பெட்டியை அலுங்காம குலுங்காம காந்திபுரம் கொண்டு போய்ச் சேர்க்கோணும். பத்தரை மணிக்குள்ள.

இதுல என்ன தப்பு நடந்துடப் போகுதுன்னுதான் நானும் நெனச்சேன்.

பெட்டிக்குள்ள இருந்தது ஒரு ராட்சச ரோபோ. ராட்சசன்னா, கதைப்படி. நெசத்துல ஒரு அடி உசரம்.

எனக்கு பல் லேப்ல வேலைங்க. டாக்டருங்க அளவெடுத்து அனுப்புவாங்க, நாங்க பல்லு செட்டு செஞ்சு குடுப்போம். பகலெல்லாம் யாரோ முகம் தெரியாத ஆளோட கடவாய்ப் பல்லை ராவிக்கிட்டே இருக்கறவளுக்கு, ஊட்டுக்கு வந்தா ஒரு பொழுதுபோக்கு வேணுமில்லீங்களா? சில பேர் சீரியல் பாப்பாங்க. நான் பிளாஸ்டிக் ரோபோ கட்ட ஆரம்பிச்சேன். துண்டு துண்டா வரும். வெட்டி எடுத்து, தேச்சு, மாட்டி, பெயிண்ட் அடிக்கோணும்.

இந்தத் தடவை கொஞ்சம் எச்சாவே ஆசைப்பட்டுட்டேன். சண்டைல அடி வாங்கி, இடிஞ்ச தெருவுல சாஞ்சு கெடக்கற ரோபோ. தெருவோட சேத்து முழுக் காட்சியையும் ஒரு பலகை மேல செஞ்சு வெக்கறது. டயோரமான்னு சொல்லுவாங்க.

மூணு மாசமுங்க! இடிஞ்ச செவுரு எல்லாம் பல்லு அச்சு எடுக்கற பிளாஸ்டர்ல செஞ்சது. துருவுக்கு டீத்தூளைச் சலிச்சு ஒட்டினேன். ரோபோவோட ஒரு கால் ஒரு பேக்கரி மேல கெடக்கும். கோயமுத்தூருக்குள்ள ஒரு ராட்சச ரோபோ விழுந்தா அது ஏதோ ஒரு பேக்கரி மேலதான் விழுந்தாகோணும். வேற எடமில்லை. அந்த நசுங்கின பேக்கரி கண்ணாடிக்குள்ள அரிசி சைஸுல எட்டு முட்டை பப்ஸு.

நெஞ்சுல குண்டு பாஞ்ச ஓட்டை ஏழு. இடது கை தோளோட போயிருக்கும். அந்த எடத்துல செம்புக் கம்பி நாலு தொங்கும். கையை அறுக்க மனசு வராம நாலு நாள் தள்ளிப்போட்டு, அஞ்சாம் நாள் சாமி கும்புட்டுட்டு பல்லு ராவற மெஷினை வெச்சு அறுத்துப்போட்டேன்.

எங்கூட்டுக்காரரு லேத் பட்டறை வெச்சிருக்கறவரு. ஒரு நூல் பிசகினாப் பொருளைத் தூக்கி வீசிடுவாரு. நான் அறுக்கறதைப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு.

"ஏம்மணி, நல்லாத்தான இருந்துச்சு?"

"சண்டைல அடிபட்ட மாதிரி வரோணுமுங்க."

"அப்ப கடைல ஒடஞ்சதாப் பாத்து வாங்கியிருக்கலாமே."

அவருகிட்டப் பேசிப் பிரயோசனமில்லை.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வாரேன். காந்திபுரத்துல ஒரு மண்டபத்துல மாடல் கட்டறவங்க எல்லாம் சேந்து கண்காட்சி வெச்சிருந்தாங்க. முதல் தடவையா நானும் பேரு குடுத்திருந்தேன். எங்கூட்டுக்காரரு வேனை எடுத்துக்கிட்டு தறி சாமான் எறக்கப் பல்லடம் போயிட்டாரு. ஸ்கூட்டர்ல கொண்டு போனா ரோபோவுக்கு நெசமாவே போர்ச் சேதம் ஆயிரும். அதனால பஸ்ஸு. பெரிய கேக் வெக்கற பெட்டியா ஒண்ணு கேட்டு வாங்கி, அதுல வெச்சு, மடில வெச்சுக்கிட்டு ஒக்காந்துட்டேன்.

பக்கத்து சீட்டுல ஒரு அம்மா. அறுபது வயசிருக்கும். பேரு ருக்குமணியாம். மேட்டுப்பாளையத்துல ஏறினவங்க, சிங்காநல்லூர்ல மக ஊட்டுக்குப் போறாங்களாம். மடில ஒரு பலாப்பழம். சின்னப் பழமில்லைங்க. ரெண்டு டிக்கெட்டு எடுக்கற சைஸு.

"கேக்குங்களா கண்ணு?"

"இல்லீங்கம்மா. பொம்மைங்க."

"பாப்பாவுக்குங்களா?"

இங்கதானுங்க நான் சறுக்கினது. எனக்கு நாப்பத்திமூணு வயசு. தலைல பாதி நரை. இல்லீங்க, எனக்குத்தான்னு ஒரு வார்த்தை வாய்ல வரலை.

"ஆமாங்க. ஸ்கூல் ப்ராஜெக்ட்டுங்க."

"எத்தனாவது படிக்குது?"

எம்பொண்ணு சென்னைல காலேஜ் ரெண்டாவது வருசம். "அஞ்சாவதுங்க"ன்னு சொல்லிப்போட்டேன்.

"கெட்டிக்காரப் புள்ள"ன்னு அந்தம்மா மனசாரச் சொன்னாங்க. எனக்குப் பெருமையா வேற இருந்துச்சு. பாருங்க எம்பொழப்பை!

துடியலூர்கிட்ட வந்தப்ப டிரைவர் ஒரு பிரேக் போட்டாரு பாருங்க!

பலாப்பழம் பறந்துச்சு. வந்து என்ற பெட்டி மேல உக்காந்துச்சு. மூடி பிச்சுக்கிட்டுப் போயிருச்சு.

நான் பதறிப்போய் உள்ள பாத்தேன். ஒண்ணுமே ஆகலைங்க! ஒரு தூசு நகரலை. பப்ஸுகூட எட்டும் அப்படியே இருந்துச்சு. நல்லா ஒட்டியிருக்கறம்னு எனக்குள்ள ஒரு கெத்து.

ருக்குமணியம்மாவும் உள்ள பாத்தாங்க.

"அய்யோ சாமீ! நொறுங்கிப் போச்சே!"

"இல்லீங்கம்மா, அது வந்து…"

"நெஞ்செல்லாம் ஓட்டையாப் போச்சே! செவுரெல்லாம் இடிஞ்சு போச்சே! ஒரு கையையே காணமே! எம்பலாப்பழம் இப்படிப் பண்ணிப்போடுச்சே! பாப்பா அழுகுமே!"

கண்ல தண்ணி பொலபொலன்னு ஊத்துது. நான் வாயைத் தொறந்தேன். என்னன்னு சொல்லுவேன்? கையை நாந்தான் அறுத்தேன்னா, அஞ்சாவது படிக்கற புள்ளயோட பொம்மைய எதுக்கடி அறுத்தேன்னு கேப்பாங்க. மூடிக்கிட்டேன்.

அதுக்குள்ள கண்டக்டர் வந்துட்டாரு. எட்டிப் பாத்தாரு. விசில் ஊதினாரு.

"அண்ணா, வண்டிய ஓரங்கட்டுங்க! யாரும் காலை நகத்தாதீங்க! கை ஒண்ணு கீழ விழுந்திருக்குது!"

பின்னாடி சீட்டுக்கு இதுல 'கை' மட்டுந்தான் போய்ச் சேந்துச்சு.

"யாருக்குங்க கை போச்சு?"

"முன்னாடி ஒரு பொம்பளைக்காமா!"

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!"

ஒருத்தர் நெசமாவே ஃபோனை எடுத்துட்டாரு. கண்டக்டர் பின்னாடி ஓடிப் போய், "பொம்மைக் கைங்க, பொம்மைக் கை"ன்னு புரிய வெச்சுட்டு வந்தாரு. அதோட விட்டாங்களா? ஓ, பொம்மையான்னு கலைஞ்சு போயிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். இது கொங்கு நாடுங்க. எல்லாரும் தேட எறங்கிட்டாங்க.

இல்லாத கையை முப்பது பேரு தேடறாங்க. பொம்பளைங்க பையைக் கவுத்துக் கொட்டறாங்க. வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர் சீட்டுக்கடியில தலைய விட்டு டார்ச் அடிக்கறாரு.

"இருக்கட்டுமுங்க, உட்டுடுங்க"ன்னு நான் கெஞ்சறேன்.

"அதெப்படீங்க அம்மணி, புள்ள ப்ராஜெக்டாச்சே!"

நம்மூர்ல இதொரு கஷ்டமுங்க. வேண்டாம்னு சொன்னா மரியாதைக்குச் சொல்றம்னு எடுத்துக்குவாங்க. எத்தனை தடவை வேண்டாங்கறமோ அத்தனை தடவை எச்சாச் செய்வாங்க.

கடைசியா ஒருத்தர் முன்னாடி வந்தாரு. செல்வராசுன்னு பேரு. பைக் மெக்கானிக். டவுனுக்கு சாமான் வாங்கப் போறாரு.

"கை கெடைக்காதுங்க அம்மணி. சன்னல் வழியாப் போயிருக்கும். கவலைய உடுங்க, நான் பாத்துக்கறேன்."

"வேண்டாமுங்ணா!"

"அட, இதுல என்னங்க இருக்குது."

பையைத் தொறந்தாரு. இதே மாதிரி ஒண்ணு வாங்கியாறதுக்குன்னு ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை எடுத்துக்கிட்டு வந்திருந்தாரு. ரோபோவோட தோளுல வெச்சு அளவு பாத்தாரு. ரெண்டு சொட்டு விட்டா விரலே ஒட்டிக்கும் பாருங்க, அந்தப் பசையை எடுத்தாரு. நான் 'ஐயோ'ங்கறதுக்குள்ள ஒட்டிப்போட்டாரு. செம்புக் கம்பி நாலையும் முறுக்கி உள்ள திணிச்சாரு.

அப்பறம் எம்சீலை எடுத்துப் பெசைஞ்சாரு. ஏழு ஓட்டையையும் அடைச்சாரு. ஒவ்வொண்ணையும் விரலால தடவி மட்டம் பண்ணினாரு.

டார்ச் அடிச்ச பெரியவர் சும்மா இருப்பாரா? "எவ்வளவு அழுக்குன்னு பாருங்க"ன்னு துண்டை நனைச்சு ரோபோவைத் தொடச்சாரு. மூணு வாரம் ஒட்டின டீத்தூளு. மூணு நிமிசத்துல போயிருச்சு. துண்டுல டீ வாசம் வந்ததும் அவரே ஒரு தடவை மோந்து பாத்தாரு.

ருக்குமணியம்மா முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்த திருநீறை எடுத்து ரோபோ நெத்தில பூசி விட்டாங்க. "நல்லாயிரும் சாமி, நல்லாயிரும்."

நான் மடில பெட்டிய வெச்சுக்கிட்டு மரம் மாதிரி ஒக்காந்திருக்கேன். என்ற ஃபோன் அடிக்குது. ரெண்டு கையும் பெட்டிமேல.

"நான் எடுக்கறேன் கண்ணு"ன்னு ருக்குமணியம்மா எடுத்து, எங்கியோ அமுக்கினாங்க. ஸ்பீக்கர் ஆன் ஆயிருச்சு.

"ஏம்மணி, போய்ச் சேந்துட்டியா?" எங்கூட்டுக்காரரு.

"தம்பி, மன்னிச்சுக்கோங்க தம்பி. பாப்பாவோட பொம்மைல எம்பலாப்பழம் விழுந்து கை ஒடஞ்சு போச்சுங்க."

"எந்தக் கைங்கம்மா?"

"இடது கைங்க."

"அதா? அது அவளே அறுத்துப்போட்டதுங்க. நான் அப்பவே வேண்டாம்னு சொன்னனுங்க."

இன்னும் கையைத் தேடிக்கிட்டு சீட்டுக்கடியில இருந்த தலையெல்லாம் ஒண்ணொண்ணா மேல வருது.

"நெஞ்சுல ஓட்டைங்க?"

"அதும் அவதானுங்க. பல்லு ராவற மெஷின்ல."

"அப்ப பாப்பா?"

"எந்தப் பாப்பாங்க? எம்பொண்ணா? அவ சென்னைல தூங்கிட்டிருப்பாளுங்க."

அந்த நேரம் பாத்து பஸ்ஸோட ஓட்டை வழியா நான் ரோட்டுல விழுந்திருக்கலாம். ஓட்டையில்லை. புது பஸ்ஸு.

ருக்குமணியம்மா ஃபோனை வெச்சாங்க. என்னையவே பாத்தாங்க. கண்ல இன்னும் ஈரம் காயலை.

"ஏங்கண்ணு, என்னைய அழுக உட்டுட்டா ஒக்காந்திருந்தே?"

பெட்டி மேல இருந்து ஒரு கைய எடுத்து அந்தம்மா கையைப் புடிச்சுக்கிட்டேனுங்க.

"தப்புத்தானுங்கம்மா. இது எனக்குத்தானுங்க. நான் செஞ்சது. இந்த வயசுல பொம்மை செய்யறேன்னு சொல்ல வெக்கமாப் போச்சுங்க."

அந்தம்மா மூக்கை உறிஞ்சினாங்க. "எங்கூட்டுக்காரரு அறுபத்தஞ்சு வயசுல மொட்டைமாடில ஏறிப் பட்டம் உடறாரு. அவருக்கே வெக்கமில்லை. உனக்கென்ன?"

முதல்ல சிரிச்சது டிரைவர். அப்பறம் கண்டக்டர். அப்பறம் மொத்த பஸ்ஸும். பெரியவர் மட்டும் துண்டைப் பாத்து, "அப்ப இது டீத்தூள்தானா?"ன்னு கேட்டாரு. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் எடுத்தவரு பேக்கரியைப் பாத்துட்டு, "அட, பப்ஸெல்லாம் இருக்குதுங்க!"ன்னு கத்தினாரு. பெட்டி கை மாறிக் கை மாறி பஸ்ஸு பூரா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துச்சு.

செல்வராசண்ணனுக்கு மட்டும் முகம் விழுந்துருச்சு. பிளக்கைப் பிடிச்சு இழுத்துப் பாத்தாரு. அசையலை.

"அது இனி வராதுங்க அம்மணி"ன்னாரு. வருத்தமாத்தான் சொன்னாரு. ஆனா அதுல கொஞ்சம் பெருமையும் இருந்துச்சு.

மண்டபத்துக்குப் போறப்ப மணி பத்தே முக்கால். நான் தனியாப் போகலை. "எங்களாலதான லேட்டு"ன்னு ருக்குமணியம்மா பலாப்பழத்தோட வந்தாங்க. செல்வராசண்ணனும் வந்தாரு.

வாசல்ல பேரு எழுதற தம்பி, கழுத்துல அட்டை மாட்டியிருந்தவரு, "டைம் முடிஞ்சுதுங்க மேடம்"ன்னாரு.

"ஏஞ்சாமி, இதுக்குன்னு ஒரு பஸ்ஸையே நிறுத்திப்போட்டு வந்திருக்கறம் சாமி"ன்னாங்க ருக்குமணியம்மா.

அவரு பெட்டிக்குள்ள பாத்தாரு. பளபளன்னு கழுவி விட்ட ரோபோ. நெஞ்சு பூரா எம்சீலு. நெத்தில திருநீறு. இடது தோள்ல ஸ்பார்க் பிளக்கு.

"கான்செப்ட் என்னங்க மேடம்?"

செல்வராசண்ணன்தான் சொன்னாரு. "சண்டை முடிஞ்சு சர்வீசுக்கு விட்டிருக்குதுங்க சார். பாதி வேலைதான் முடிஞ்சிருக்குது."

அவரு அதை அப்படியே எழுதிக்கிட்டாரு.

மத்தியானம் வரைக்கும் ருக்குமணியம்மா எம்மேசையை விட்டு நகரலைங்க. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம், "இதுல ஒண்ணுகூட என்ற பலாப்பழம் பண்ணினதில்லீங்க, எல்லாம் இந்தப் பொண்ணே பண்ணினது"ன்னு சொல்லிக்கிட்டே நின்னாங்க. மக ஊட்டுல இருந்து நாலு தடவை ஃபோன் வந்ததுக்கு அப்பறந்தான் கெளம்பினாங்க. மாடல் கட்டற ஆளுங்க நாலஞ்சு பேரு என்ற நம்பர் வாங்கிக்கிட்டாங்க. நாப்பது தாண்டினவங்க அதுல பாதிப்பேரு. ஒருத்தரும் வெக்கப்படலை.

பரிசு வரலைங்க. ஆனா சாயங்காலம் நடுவருங்க கருத்து எழுதின தாளை எல்லாருக்கும் குடுத்தாங்க. எனக்கு வந்ததுல ஒரே ஒரு வரி இருந்துச்சு.

"இடது கை மட்டும் மிகத் தத்ரூபம்."