பதினாறில் வைத்த கேமரா

என் அக்காவின் கல்யாணப் படத்தைப் பார்த்து, தாலி கட்டிக்கொண்டது யார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பாவம் முழுக்க என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுவில், திருநகரில் கல்யாணம். அப்பா ஸ்டுடியோக்காரரைப் பேசி வைத்திருந்தார். நான்தான், "வேணாம்ப்பா, நான் எடுத்துக்கிறேன்" என்று தடுத்தேன். (அதுவரை நான் எடுத்த ஒரே படம் எங்கள் தெரு நாய். அதிலும் பாதி நாய்தான் விழுந்திருந்தது.) அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தாலி ஏறுறப்ப என் மூஞ்சியும் பின்னாடி நிக்கிற அப்பா மூஞ்சியும் ஒரே படத்துல வேணும்டா. ரெண்டும் தெளிவா."

கேமரா கே.கே. நகர் நண்பன் செந்திலுடையது. முந்தின நாள் டயலை 'ஏ' என்ற எழுத்துக்குத் திருப்பிவைத்துப் பாடம் நடத்தினான்.

"ஏ-ன்னா அபர்ச்சர், லென்ஸ் ஓட்ட. அத நீ முடிவு பண்ணு மாப்ள, அது எம்புட்டு நேரம் தெறந்திருக்கணும்னு கேமரா பாத்துக்கிரும். பதினாறுல வச்சா ஓட்ட சின்னதாகி, முன்னாடி நிக்கிறவன் பின்னாடி நிக்கிறவன் எல்லாருமே தெளிவா விழுவான். ஆனா மண்டபத்துக்குள்ள..."

"புரிஞ்சிருச்சு மாப்ள!" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த 'ஆனா'வை நின்று கேட்டிருக்கலாம்.

மண்டபத்தில் அழுது வடிந்த நாலு ட்யூப்லைட். ஃப்ளாஷ் போடுவது கத்துக்குட்டிகள் வேலை என்று எனக்கு எண்ணம். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, பதினாறில் வைத்தேன். கெட்டிமேளம் கொட்டியது. அழுத்தினேன். 'டக்' என்றது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு 'டக்'. (கேமராவும் கல்யாணத்தை ரசிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், மடையன்!) சின்ன ஓட்டையில் வெளிச்சம் போதாமல், அது ரெண்டு விநாடி கண்ணைத் திறந்தபடி இருந்திருக்கிறது. அதற்குள் அசைந்தவர்கள் எல்லாம் படத்தில் கலைந்துபோவார்கள். செந்தில் சொல்ல வந்தது அதைத்தான்.

பிரிண்ட் வந்தது. தாலிக்குக் குனிந்த அக்கா வெறும் சிவப்புத் தீற்றல். துண்டால் கண்ணைத் துடைத்த அப்பா வெள்ளைப் புகை. மண்டபத்திலேயே அசையாத ஒரே ஆள் மாப்பிள்ளையின் தாய்மாமன். பத்திரிகையில் பேர் விட்டுப்போன கோபத்தில், மேடை ஓரம் கை கட்டி உட்கார்ந்திருந்தார். அட்சதைகூடப் போடவில்லை மனுஷன். அவர் மீசை முடியை எண்ணலாம், அவ்வளவு தெளிவு!

"எம்புட்டு நல்லா எடுத்திருக்கான் பய!" என்று அவர் கோபத்தை விட்டுவிட்டு, ஒரு பிரதியும் வாங்கிப் போனார்.

அக்கா திட்டவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அப்பா எங்கடா?" என்றாள். புகையைக் காட்டினேன்.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. அவர் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அந்த முகம் எந்தப் படத்திலும் இல்லை.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சித்தப்பா "பதினாறும் பெற்று..." என்று வாழ்த்த ஆரம்பித்தால் போதும், அக்கா குரல் கொடுத்துவிடுவாள்.

"பதினாறு மட்டும் வேணாம் சித்தப்பா, தம்பி நிக்கிறான்!"

மண்டபமே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, அப்பா துடைத்த மாதிரியே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.